டாக்டரம்மா கேட்ட கண்ணீர்

என் சமையலறை அலமாரியில், உப்பு ஜாடிக்குப் பக்கத்தில், ஒரு சோதனைக்குழாய் நிற்கிறது. ஊதுபத்தி செருகக்கூட நான் யாரையும் விட்டதில்லை. இப்போது செருகுவதற்கும் வீட்டில் ஆளில்லை.

எழுபதுகளில் தூத்துக்குடியில் ஒரு கடல் ஆராய்ச்சிக்கூடத்தில் உதவியாளராக இருந்தேன். அங்கே ஆராய்ச்சி செய்துவந்த டாக்டரம்மாவுக்கு ஸ்ரீவைகுண்டம் பக்கம், வயல்காட்டுக் குடும்பம். சங்கு குளிக்கிறவர்கள் கொண்டுவந்து போடும் கடற்பஞ்சை அரைத்துச் சாறெடுப்போம். கிருமி கலந்த நீர் அரிசி களைந்த தண்ணீர் மாதிரி மங்கலாக இருக்கும். அதில் இந்தச் சாற்றை விட்டால் மெல்லத் தெளியும். கிருமியைக் கரைக்கும் நொதி ஒன்று பஞ்சுக்குள் இருக்கிறது என்று அர்த்தம். பக்கத்துக் குழாயில் அதே கிருமி நீரில் சாறில்லாமல் வெறும் உப்புநீர் விடுவோம்; அதற்கு 'பிளாங்க்' என்று பெயர். அது மங்கலாகவே நின்றால்தான் நாங்கள் சொல்வது செல்லும்.

"ஏளா, நம்ம கண்ணீர்லயும் இதே மாதிரி ஒண்ணுதான் கிருமியக் கரைக்கி. இதுக்குக் கண்ணும் கிடையாது, ரத்தமும் கிடையாது. கண்ணுன்னு ஒண்ணு உண்டாகுறதுக்கு எத்தனையோ காலம் முந்தியே இந்தக் காவல் தொடங்கிட்டு, பாத்துக்கோ" என்பார். அதை நிரூபித்துவிட வேண்டும், அவருக்கு வேறு நினைப்பே கிடையாது.

ஆராய்ச்சிக்கூடத் தலைவரான பெரிய சார் பார்வையிட வருவதாகச் சொன்ன அன்றுதான் டாக்டரம்மாவின் தங்கைக்குக் கல்யாணம். மூத்தவள் கல்யாணமாகாமல், கடல் நாற்றத்தோடு பந்தலில் நின்றால் பேச்சு வரும் என்று வீட்டில் வர வேண்டாம் என்றுவிட்டார்கள். முகூர்த்த வேளையில் அவர் குழாய்கள்மேல் குனிந்து, அழுதுகொண்டே வேலை பார்த்தார். சார் வந்தபோது உப்புநீர்க் குழாயும் தெளிந்து நின்றது.

"பிளாங்க்கே கிளியராயிட்டுன்னா உங்க ரிசல்ட்டுக்கு என்னம்மா அர்த்தம்?"

"அதுல என் கண்ணீர் விழுந்துட்டு சார்."

கூட வந்திருந்த ஆண்கள் ஜன்னலைப் பார்த்தார்கள். "அப்படின்னா அதையும் செஞ்சு காட்டுங்க. இல்லன்னா இந்த வேலைய இதோட நிறுத்திக்கிடலாம்" என்றார் சார்.

கிருமி நீர் விட்ட புதுக் குழாயைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு டாக்டரம்மா நின்றார். கண் வறண்டிருந்தது. "காலைல இருந்து அழுதாச்சு. இப்ப வரமாட்டேங்கு" என்றார். கேன்டீனில் வெங்காயம் வாங்கட்டுமா என்று ஒருவர் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார்.

"ஏளா, உனக்கு வருமா?"

கொழும்புக்குச் சரக்கேற்றிப் போன தோணியோடு என் வீட்டுக்காரர் திரும்பாமல் போயிருந்த வருஷம் அது. அழாதே, அழுதால் வந்துவிடுவாரா என்று அம்மா சொன்னாள், மாதா கோயிலில் சாமியார் சொன்னார், தெருவே சொன்னது. கிணற்றடியில் தண்ணீர் இறைக்கிற சத்தத்தில்தான் நான் அழுதுகொள்வேன். அன்று அத்தனை பேர் நடுவில், பட்டப்பகலில் அழுதேன். டாக்டரம்மா என் தாடையை ஒரு கையால் தாங்கி, மறு கையால் குழாயைப் பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் மங்கல் விலகி, குழாய்க்கு அந்தப் பக்கம் இருந்த அவர் விரல்கள் தெரிந்தன. சார் குனிந்து பார்த்தார். "செய்யுங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பிறகு டாக்டரம்மா வேறு கடற்கரைக்கு மாற்றலாகிப் போனார். போகும்போது அந்தக் குழாயைக் கழுவி என் கையில் கொடுத்தார். அப்புறம் நாங்கள் பார்த்துக்கொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் மகன் துபாயிலிருந்து பேசுவான். என் குரல் கொஞ்சம் இறங்கினால் போதும், "அழாதீங்கம்மா" என்று சொல்லிப் போனை வைத்துவிடுவான். நான் குழாயை எடுத்துத் துடைத்து, மறுபடி உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் நிறுத்துவேன். அழாதே என்று சொல்ல எனக்கு எத்தனையோ பேர் இருந்தார்கள். வருமா என்று கேட்டவர் அவர் ஒருவர்தான்.