ஒன்பது குளிசைகள்

1992ஆம் ஆண்டு, மாரி தொடங்குகிற நேரம். யாழ்ப்பாணத்து உடுப்பிட்டியில் நானும் மாமியும் மட்டும் இருந்தோம். என் கணவர் பாரிஸ் போய் நாலு வருடம். கலியாணம் கட்டி ஏழு மாதம்தான் ஒன்றாக இருந்தவர்கள் நாங்கள். அவர் அனுப்பிய படம் ஒன்று சுவரில் இருந்தது. பனிக்குள் கம்பளித் தொப்பியோடு நின்றார். விளக்குக் கொளுத்தும்போது தினமும் அதைப் பார்ப்பேன்.

அந்த வருடம் எனக்கு டைபொயிட் என்கிற நெருப்புக் காய்ச்சல் வந்தது. பிழைத்தேன். மூன்று மாதம் போக மயிர் கொட்டத் தொடங்கியது. சீப்பு வைத்தால் கொத்துக் கொத்தாக வந்தது. தலையில் துணி கட்டிக்கொண்டு திரிந்தேன். அந்த நேரம் பார்த்து அவருடைய கடிதம் வந்தது: “ஒரு படம் எடுத்து அனுப்பும். பின்னலை முன்னுக்குப் போட்டு எடும்.”

என்னில் அவருக்குப் பிடித்தது அந்தப் பின்னல்தான். இனி என்னத்தைப் போட்டுப் படம் எடுப்பது? கடிதத்தைத் தலையணைக்குக் கீழே வைத்தேன். பதில் எழுதவில்லை.

மயிருக்கு விற்றமின் நல்லது என்றார்கள். சண்டையும் பொருள் தடையுமாக, மருந்துக்கடைகளில் காய்ச்சல் குளிசையே கிடைக்காத காலம் அது. பக்கத்து வீட்டுப் பெண் பிள்ளைத்தாச்சியாக இருந்தாள். கிளினிக்கில் கொடுத்த சத்துக் குளிசை சாப்பிட்டாள். அவளுடைய மயிர் கறுகறுவென்று அடர்ந்து கிடந்தது. அந்தக் குளிசையால்தான் என்று நினைத்தேன். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரைதான்.

என்னைத் தெரியாத ஊராகப் பார்த்து, நாலு கட்டை தூரம் சைக்கிள் மிதித்து, வேறு ஒரு கிளினிக்குக்குப் போனேன். வயிற்றில் மூன்று மாதம் என்று சொன்னேன். நல்ல கூட்டம். மருத்துவிச்சி வாடிய என் முகத்தைப் பார்த்து நம்பிவிட்டார். ஒரு மாதத்துக் குளிசை தந்தார். விலாசம் கேட்டார். வயிற்றைப் பற்றிப் பொய் சொன்ன வாய், விலாசத்தைச் சரியாகச் சொல்லிவிட்டது.

பத்தாம் நாள் காலை வாசல் படலையில் சைக்கிள் மணி கேட்டது. அதே மருத்துவிச்சி. எங்கள் பகுதி மருத்துவிச்சி ஊரைவிட்டுப் போனதால் இவர்தான் இங்கேயும் வீடு வீடாகப் பார்க்கிறாராம். அது எனக்குத் தெரியாது. முற்றத்தில் மாமி கூட்டிக்கொண்டு நின்றார்.

“இஞ்சை பிள்ளைத்தாச்சி ஒராள் பதிஞ்சிருக்கு…”

“இஞ்சையோ? ஆர் பிள்ளைத்தாச்சி? நானும் மருமகளும்தான் இருக்கிறம். என்ரை மோன் வெளிநாடு போய் நாலு வருசம்!”

மாமியின் கையில் விளக்குமாறு அப்படியே நின்றது. நான் கதவு நிலையைப் பிடித்தபடி நின்றேன். என் குடும்பம் இந்த இடத்தில் முடிந்தது என்று நினைத்தேன். மருத்துவிச்சி என்னைப் பார்த்தார். தலைத்துணியைப் பார்த்தார். கையிலிருந்த பதிவுக் கொப்பியை மூடினார்.

“எனக்குத்தான் ஒழுங்கையும் வீடும் மாறிப்போச்சு, அம்மா. குறை நினையாதேங்கோ. பிள்ளை, கொஞ்சம் தண்ணி அள்ளித் தாரும்.”

கிணற்றடிக்கு என் பின்னாலேயே வந்தார். நான் துணியை அவிழ்த்துக் காட்டினேன். அவர் படம் கேட்டு எழுதியதையும் நான் பதில் போடாததையும் சொன்னேன்.

“உதுக்கே இவ்வளவு பொய்?” மெதுவாகத்தான் கேட்டார். “பிள்ளைத்தாச்சிக்கு மயிர் கொட்டாது. அது குளிசையாலை இல்லை. பெத்தாப் பிறகு அவளுக்கும் கொட்டும். எத்தினை போட்டனீர்?”

“ஒன்பது.”

“மிச்சத்தைத் தாரும். நேற்று ஒருத்தி வெளிறிப்போய் வந்தவள். குளிசை இல்லையெண்டு அனுப்பினனான்.”

குளிசைப் பொட்டலத்தைக் கொண்டுவந்து கொடுத்தேன். என் தலையை ஒருக்கால் தடவிப் பார்த்தார். “அடியிலை முளைக்குது. தானா வரும். உள்ளதை அவருக்கு எழுதும்.”

அதற்குள் முற்றத்திலிருந்து மாமி கத்தினார்: “மிஸி, உவளுக்கு மயிர் வளர ஏதும் குளிசை இருக்கோ?”

“இல்லை அம்மா. முருங்கையிலையும் முட்டையும் குடுங்கோ.”

“வேலி முழுக்க முருங்கைதான். உவள் வாயிலை வைக்கமாட்டாள்!”

மருத்துவிச்சி சிரித்தபடி சைக்கிளில் ஏறினார். பிறகு நான் அவரைக் காணவில்லை. பெயரும் கேட்கவில்லை.

அன்றைக்கே கடிதம் எழுதினேன். நாலு வரி. பதில் வர மூன்று மாதமானது. உள்ளே ஒரு படம். தொப்பி இல்லை. முன்நெற்றியிலிருந்து உச்சி வரை வெறும் தலை. படத்தின் பின்னால் எழுதியிருந்தார்: “நானும் உமக்குச் சொல்லேல்லை.” அந்தப் படத்தையும் சுவரில் ஒட்டினேன். அவரை நேரில் காண இன்னும் இரண்டு வருடம் இருந்தது. அதற்குள் மயிர் தோளுக்கு வந்து, முதுகுக்கும் வந்துவிட்டது. பார்க்க வேண்டியவர்தான் இல்லை.

அவரோடு சேர்ந்த பிறகு நான் உண்மையாகவே பிள்ளைத்தாச்சியானேன். முதல் குளிசையைக் கையில் எடுத்தேன். உடனே வாயில் போட முடியவில்லை. என் மயிர் தானாக வளர்ந்தது. நான் விழுங்கிய அந்த ஒன்பது குளிசை யாருக்குக் குறைந்தது, அவள் பிள்ளையை நல்லபடி பெற்றாளா என்று, தலை வாரும்போதெல்லாம் இன்றைக்கும் நினைக்கிறேன்.