பஸ்ஸில வந்த பியர் பீப்பா

இண்டைக்கு ஆரா நகரத்தில ஒரு பாரில பழைய பியர் பீப்பா ஒண்டு மலிவா வாங்கினன். ரோசாப்பூப் போட்டுப் பன்னீர் வடிக்கத்தான்.

பஸ்ஸில அதைக் காலுக்கிடையில வைச்சுக்கொண்டு இருந்தன். அடுத்த தரிப்பிடத்தில எங்கட கோயில் தலைவர் ஏறி, நேர வந்து பக்கத்தில இருந்தார்.

பீப்பாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"வீட்டில விசேஷமோ?"

ஓம் எண்டால் நான் குடிகாரன். இல்லையெண்டால், வெள்ளிக்கிழமை அபிஷேகத்துக்கு நான் குடுக்கப்போற பன்னீர் இந்தப் பீப்பாவில இருந்துதான் வடியப்போகுது எண்டு சொல்லவேணும்.

"ஓம் அண்ணை. சனிக்கிழமை ஒரு சின்னப் பார்ட்டி."

இறங்கிறதுக்கு எழும்பேக்க அவர் குனிஞ்சு, என்ர காதுக்குள்ள கேட்டார்.

"எத்தினை மணிக்கு?"

சனிக்கிழமை அண்ணை வாறார். பீப்பா வெறும் பீப்பா. ஆராவது பியரோட வருவியளோ?