ஒரு விரற்கடை கூடுதல்

மீனாம்பிகையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல்தான் வருகிறது. அறுபத்தெட்டில் நாங்கள் இருவரும் காரைக்குடியில் ஆசிரியப் பயிற்சியில் இரண்டாம் ஆண்டு. கற்பித்தல் பயிற்சிக்கென்று குன்றக்குடிப் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளிக்கு எங்களைச் சோடி போட்டு அனுப்பினார்கள். ஆறு வாரம், ஆளுக்கு நாற்பது பாடம். ஒருத்தி நடத்தும்போது மற்றவள் கடைசி வரிசையில் உட்கார்ந்து குறிப்பெழுத வேண்டும். நான் எழுதிய குறிப்பெல்லாம் ஒரே குறிப்புதான்: வகுப்பு அடங்கவில்லை.

நாலாம் வகுப்பில் முப்பத்தெட்டுப் பிள்ளைகள். அவள் வாயைத் திறந்தால் குரல் கம்மிவிடும். ஒருவன் பென்சிலைக் காணோம் என்பான், இன்னொருத்தி தண்ணீர் குடிக்கப் போகணும் என்பாள். நடுவில் இவள் 'அமைதி, அமைதி' என்று கெஞ்சிக்கொண்டிருப்பாள். மூன்றாம் வாரம் வரைக்கும் இதே கூத்து. பார்க்கிற எனக்கே தலை வலிக்கும்.

அப்புறம்தான் மீட்டர் பாடம் வந்தது. பள்ளிக்கூடத்தில் இருந்தது அடி, அங்குலம் போட்ட பழைய அடிக்கட்டை. மீட்டர் கோல் கிடையாது. மீனாம்பிகையின் அப்பா மீனாட்சிசுந்தரம் ஆசாரி நல்ல தச்சர். மகள் கேட்டாள் என்று தேக்கில் ஒரு கோல் இழைத்து, நூறு கோடு கீறி, பத்துக்கொரு சிவப்புப் புள்ளி வைத்துக் கொடுத்தார். அந்தக் கோலோடு அவள் உள்ளே நுழைந்ததும் வகுப்பே எழுந்து பார்த்தது. பிள்ளைகள் கரும்பலகையை அளந்தார்கள், வாசற்படியை அளந்தார்கள், ஒருவரையொருவர் நிற்க வைத்து அளந்தார்கள். ஒரு சத்தம் இல்லை. எனக்கே பொறாமையாக இருந்தது.

மறுநாள் அழகி என்கிற பிள்ளை எழுந்து நின்றது. அதன் அப்பா முத்துராமன், சந்தை சந்தையாகத் துணி விற்கிறவர்.

"டீச்சர், எங்கய்யா கோலு இதவிடக் கட்டையா இருக்கு."

"நீ சரியாப் பாத்திருக்க மாட்ட. உக்காரு."

"இல்ல டீச்சர். கயித்த வச்சு அளந்து பாத்தேன்."

மீனாம்பிகைக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. இப்போதுதான் வகுப்பு கைக்குள் வந்திருக்கிறது, அதற்குள் ஒரு பிள்ளை கெடுக்கிறதே என்று. "எங்க அப்பா கோல்ல தப்பு வராது. ஒங்கய்யா கோலத்தான் குறைச்சு வச்சிருக்காக போல" என்றாள். வகுப்பு கொல்லென்று சிரித்தது. அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பிள்ளைகள் அவள் பக்கம் சாய்ந்தார்கள். அவளும் சிரித்தாள். நானும்தான் சிரித்தேன், இல்லையென்று சொல்ல மாட்டேன்.

சாயங்காலமே அழகிக்குத் 'திருட்டுக் கோலு' என்று பெயர் விழுந்துவிட்டது. அடுத்த மூன்று நாள் பிள்ளை பள்ளிக்கூடம் வரவில்லை. சின்ன ஊர், பிள்ளைகள் வாயில் வந்தது சந்தைக்குப் போக எவ்வளவு நேரமாகும்? துணி வாங்க வந்தவர்கள் முத்துராமனிடம், "எங்க, இன்னொருக்கா அள" என்று கேட்க ஆரம்பித்தார்களாம்.

வெள்ளிக்கிழமை அவரே வந்தார். துண்டில் சுற்றியிருந்த இரும்புக் கோலை எடுத்து மேசையில் தேக்குக் கோலுக்குப் பக்கத்தில் வைத்தார். தேக்கு ஒரு விரற்கடை நீளம்.

"சர்க்காரு முத்திரை போட்டது டீச்சரம்மா. நல்லாப் பாத்துக்கங்க" என்றார். அளந்து பார்க்கட்டும் என்று ஒதுங்கி நின்றார். சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலை.

மீனாம்பிகை ஒரு சணல் கயிற்றை இரும்புக் கோலின் அளவுக்கு வெட்டி எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். அப்பாவிடம் நீட்டினாள். அவர் கொஞ்சமும் அசரவில்லையாம்.

"மனையடி சாஸ்திரக் கணக்குப் போட்டுப் பாத்தேன் தாயி. அந்த அளவுக்குப் பலன் நல்லா வரல. நீ மொதமொதப் பாடம் நடத்தப் போற பொருளு, ஆகாத அளவுல செய்யலாமா? ஒரு விரக்கட கூட்டி விட்டேன். கோடு நூறுதான கீறியிருக்கேன்?"

கதவு, நிலை, கட்டில் எல்லாவற்றுக்கும் அப்படித்தான் பார்த்துச் செய்கிறவர். மீட்டருக்கும் பார்த்துவிட்டார். இவரை என்னவென்று திட்டுவது?

திங்கட்கிழமை அவளுக்கு மதிப்பீட்டுப் பாடம். அதில் தவறினால் அடுத்த வருடம் திரும்ப ஆறு வாரம், வேலையும் தள்ளிப்போகும். விரிவுரையாளர் மெய்யநாதன் சார் வருகிறார். பாடம் மீட்டர் அளவு, கருவி தேக்குக் கோல் என்று எழுதிய பாடக்குறிப்பில் ஏற்கனவே கையெழுத்துப் போட்டுவிட்டார். குறிப்பில் இருப்பதை மாற்றினால் அவருக்கு ஆகாது.

"கம்முனு நடத்திட்டு வா. சார் கோலையா அளக்கப் போறாரு? அழகிகிட்ட நாளைக்குச் சொல்லிக்கலாம்" என்றேன். அவள் தலையாட்டினாள். ஆட்டினாளே தவிரக் கேட்கவில்லை.

அன்றைக்கு அழகி வந்திருந்தாள். கடைசி வரிசையில், என் பக்கத்தில். பாடம் ஆரம்பித்து ஐந்து நிமிடம் ஒழுங்காகத்தான் போனது. திடீரென்று மீனாம்பிகை நிறுத்தினாள். அழகியை முன்னால் கூப்பிட்டு, சணல் கயிற்றைக் கொடுத்து, கோலை அளக்கச் சொன்னாள். கோல் நீண்டு நின்றதை வகுப்பு முழுக்கப் பார்த்தது.

"என் கோல்தான் தப்பு. அழகி அய்யா கோல் சரி. அன்னைக்கு நான் சொன்னது பொய்" என்றாள். குரல் கம்மவில்லை.

மெய்யநாதன் சார் விறுவிறுவென்று எழுதினார். அழகி நின்ற இடத்திலேயே நின்றாள்.

"எங்கய்யாகிட்டயும் சொல்லுங்க டீச்சர். இன்னைக்கு நம்மூர்ச் சந்தைதான, அங்க வச்சுச் சொல்லுங்க."

மணி அடித்தது. பாடம் முடிந்ததும் சார் குறைநிறை சொல்வார். எதிரில் உட்கார்ந்து கேட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் மதிப்பெண்ணே கிடையாது. எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். அவள் அழகியின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே நடந்தாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

"பத்து நிமிசம் பொறுத்துப் போ புள்ள."

"பன்னெண்டு மணி பஸ்ஸுக்கு அவரு மூட்டையக் கட்டிருவாரு பொன்னுத்தாயி. சனம் இருக்கைலயே சொல்லணும்."

சார் கால்மணி நேரம் கடிகாரத்தைப் பார்த்தார். 'பயிற்சி மாணவி இல்லை' என்று எழுதிவிட்டுப் போனார். சந்தையில் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டு, வெயிலில் சிவந்த முகத்தோடு அவள் திரும்பி வந்தபோது நான் வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவள் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்து சாப்பிட உட்கார்ந்தாள். அன்றைக்கு மத்தியானம் அந்த முப்பத்தெட்டுப் பிள்ளைகளும் வாய் பேசாமல் அவள் பாடத்தைக் கேட்டார்கள். கையில் கோல்கூட இல்லை.

நான் அந்த வருடமே தேறி வேலைக்குப் போனேன். அவள் மறுவருடம் திரும்ப நாற்பது பாடம் நடத்தினாள். இப்போது எனக்கு எட்டு வருட சர்வீஸ். பிள்ளைகள் முன்னால் தப்பாகச் சொல்லி, அது தப்பென்று தெரிந்தும் மழுப்பியது எத்தனையோ. நான் சொன்னது தப்பு என்று ஒரு பிள்ளையிடமும் இதுவரை சொன்னதில்லை. ஒவ்வொரு தடவையும் அவள் முகம்தான் வந்து நிற்கிறது. எரிச்சல் வராமல் என்ன செய்யும்?