ஆத்தா வரவில்லை, அடித்தது நான்தான்

பம்பைக்காரர் என் காதுக்கு ஒரு முழம் தள்ளி நின்று அடிக்க ஆரம்பித்தார். அதே நேரம் யாரோ வரப்பில் ஆயிரம்வாலா சரத்தைக் கொளுத்திவிட்டார்கள். அடுத்த இரண்டு நிமிடம் முழுசாக நினைவில்லை. உப்பு வாரும் பலகை என் கையில் இருந்தது, மேஸ்திரியின் வாயிலிருந்து ரத்தம் கொட்டியது, அவ்வளவுதான் தெரியும்.

மரக்காணத்தில் அந்த உப்பளத்தில் சேர்ந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. கெமிஸ்ட்ரி படித்தவன் நான். பாத்தித் தண்ணீரில் மீட்டரை மிதக்கவிட்டு உப்பின் அடர்த்தி எத்தனை டிகிரி என்று பார்க்கிற வேலை. வேலையா அது, கொண்டாட்டம். இருபத்தைந்து டிகிரி தாண்டினால் உப்பு பூப்பது எப்படி என்று கேட்டவர், கேட்காதவர் எல்லோரிடமும் சொல்லித் தீர்த்தேன். அதற்கு முன் மூன்று வேலை போயிருந்தது. சத்தம் தாங்காமல் கத்தினேன், மேஜையைத் தள்ளினேன், அனுப்பிவிட்டார்கள். இருபத்தாறு வயதில்தான் பாண்டிச்சேரி டாக்டர் ஒருவர் எனக்கு ஆட்டிசம் என்று சொன்னார். உப்பளத்தில் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் இந்த வேலையும் போய்விடும் என்று பயம். அதனால்தான் முதல் உப்பு வாரும் பூஜைக்கு மேஸ்திரி கூப்பிட்டதும் மறுக்காமல் போய் நின்றேன்.

"ஏய், ஆத்தா வந்துட்டாடி" என்றாள் நான் அடித்ததைப் பார்த்த, உப்பு வாருகிற அக்கா ஒருத்தி.

சாமி வந்தால் பம்பையை நிறுத்தக் கூடாது, இன்னும் வேகமாக அடிக்க வேண்டும். அது சாமிக்குத் தருகிற மரியாதை. அந்த மரியாதை என் மண்டைக்குள் ஆணி அடித்தது. நான்கு பேர் பிடித்தார்கள். ஒருவன் கையைக் கடித்தேன். எரிகிற கற்பூரத்தை என் உள்ளங்கையில் வைத்து, "யாரு வந்திருக்கே, சொல்லு தாயே" என்றார்கள். தோல் கருகியது. நான் கத்தக் கத்த பம்பை ஏறியது. கடைசியில் என் கால் மடிந்து சேற்றில் விழுந்த பிறகுதான் ஓய்ந்தது.

மேஸ்திரி உடைந்த பல்லைத் துப்பிவிட்டு என் காலைத் தொட்டார். "ஆத்தா கையால வாங்குன அடி. இந்த வருசம் நல்லா விளையும்."

தலையை ஆட்டியிருந்தால் போதும், வேலை நிலைக்கும். அதுவரை யாரும் என்னை அவ்வளவு மரியாதையாகப் பார்த்ததில்லை. ஆனால் அடுத்த பூஜைக்கு முதல் ஆளாக என்னைத்தான் நிறுத்துவார்கள், பம்பையோடு.

"ஆத்தா இல்லீங்க. நான்தான் அடிச்சேன். எனக்கு ஆட்டிசம். சத்தம் ஏறுனா மூளை தாங்காது. நெனச்சு அடிக்கல."

மேஸ்திரி என் காலிலிருந்து கையை எடுத்தார்.

"அப்ப ஆத்தான்னு நம்பி உன் காலைத் தொட்டாரா எங்க மாமா?" என்று மேஸ்திரியின் மச்சான் என் முகத்தில் குத்தினான். பிறகு எத்தனை கால், எத்தனை கை என்று தெரியவில்லை. பாத்தித் தண்ணீரில் முகத்தை அழுத்தினார்கள். கிழிந்த உதட்டில் உப்புத்தண்ணி ஏறியது.

"விடுங்கடா" என்றாள் அதே அக்கா. "சாமின்னா வுழுந்து கும்புடுவீங்க, மனுசன்னா மிதிப்பீங்களா? நான்தான் ஆத்தான்னு சொன்னேன். என்னையும் மிதிங்க."

மேஸ்திரி கையைக் காட்டினார். விட்டார்கள்.

மூன்று நாள் கழித்து, கணக்கை முடித்துக்கொள்ளத்தான் போனேன். மேஸ்திரியின் வாய் இன்னும் வீங்கியிருந்தது. மன்னிப்புக் கேட்டேன். பதிலுக்கு அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை, மச்சானும் கேட்கவில்லை.

"சத்தம்னா எந்தச் சத்தம்? எஞ்சின் சத்தமுமா?" என்றார் மேஸ்திரி.

"கிட்டத்துல திடீர்னு வந்தாதாங்க. முன்னாடியே சொல்லிட்டா தள்ளிப் போயிடுவேன்."

தூரத்தில் இருந்த கடைசிப் பாத்தியைக் கை காட்டினார்.

"பத்து மணிக்கு மோட்டர் போடுறோம். அந்தக் கோடிப் பாத்திக்குப் போய் டிகிரி பாரு. இன்னொரு பல்லு போனா நான் கஞ்சிதான் குடிக்கணும்."

மணி ஒன்பதே முக்கால். மீட்டரை எடுத்துக்கொண்டு நடந்தேன்.