பூபாலன் முறை

பட்டாபிராமில் ஒரு பிளம்பர் இருக்கிறானாம். குழாயைத் தொடவே மாட்டானாம். ஒழுகும் இடத்தில் நின்று வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தால் சொட்டுச் சத்தம் அப்படியே அடங்கிவிடுமாம். ஆவடி சலூன்காரர் தன் மச்சினனுக்கு யாரோ சொன்னதாகச் சொன்ன சேதி இது. முகமெல்லாம் சோப்பு நுரையோடு சாய்ந்திருந்த பூபாலனுக்கு, அந்தப் பிளம்பர் தான்தான் என்று புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"உன் லைன்தான அண்ணாத்தே, உனுக்குத் தெரியுமா அவன?"

"கேள்விப்பட்டுக்கீறேன். பெரிய ஆளு" என்றார் பூபாலன்.

கோவில்பதாகையில் பிறந்தவர். இருபது வயதில் பைப் ரிஞ்சைக் கையில் எடுத்தார், இப்போது ஐம்பத்திரண்டு. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே எந்தக் குழாய் ஒழுகுகிறது என்று காதாலேயே சொல்லிவிடுவார். கல்யாண மண்டபத்தில் கை கழுவப் போனால், வாஷர் மாற்றிவிட்டுத்தான் பந்திக்கு வருவார். "பொண்ணு எப்படிக்கீது?" என்று மனைவி கலைவாணி கேட்டால், "மோட்டார் ரூமு சோக்கா கட்டிக்கீறாங்க" என்பார்.

பட்டாபிராமில் புதிதாக எழும்பிய நாற்பது வீட்டு அடுக்ககம் ஒன்று, தண்ணீர் வேலைக்கு நிரந்தரமாக ஆள் தேடியது. அது கிடைத்தால் வெயிலில் வானகரம் வரைக்கும் வண்டி ஓட்ட வேண்டாம். பூபாலனின் முழங்கால்கள் இரண்டும் அதற்குத்தான் வேண்டிக்கொண்டிருந்தன. முடிவு சங்கச் செயலாளர் பார்த்தசாரதி கையில். ராணுவத் தொழிற்சாலையின் தரப் பரிசோதனைப் பிரிவில் முப்பத்தைந்து வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். உப்புமாவுக்குக்கூட ரவையின் அளவை எழுதிச் சுவரில் ஒட்டியிருப்பவர். ஞாயிற்றுக்கிழமை போனில் முடிவு சொல்வதாகச் சொல்லியிருந்தார்.

சலூன்காரர் சொன்ன அந்த 'மந்திரம்' அதே அடுக்ககத்தின் மூன்றாம் மாடியிலிருந்து வந்தது. அங்கே குடியிருந்த கோகுல்நாத் ஐ.டி. வேலை பார்க்கும் கோயம்புத்தூர்க்காரர். அவர் வீட்டுக் குழாயைக் கழற்றப் பூபாலன் போனபோது, பக்கெட்டில் சொட்டு விழுவதைப் போனில் வீடியோ எடுத்து, மெதுவாக ஓடவிட்டுக் காட்டினார். சொட்டு விழுந்தது. தண்ணீரில் குழி உண்டானது. குழி மூடும்போது அதன் அடியில் கடுகளவு காற்றுக் குமிழி ஒன்று மாட்டிக்கொண்டு கிடுகிடுவென நடுங்கியது.

"சத்தம் போடறது சொட்டு இல்லீங்ண்ணா, அந்தக் குமிழிதான். கொஞ்சம் சோப்பு ஊத்துனா குமிழி மாட்டாது, சத்தமும் வராதுங்ண்ணா."

பாத்திரம் கழுவும் சோப்புத் திரவத்தில் ஒரு ஸ்பூன் ஊற்றினார். சொட்டு விழுந்துகொண்டேதான் இருந்தது. பக்கெட் வாயைத் திறக்கவில்லை. இத்தனை வருஷமாகக் குழாயையே முறைத்துக்கொண்டிருந்த பூபாலனுக்கு, குற்றவாளி கீழே பக்கெட்டுக்குள் ஒளிந்திருந்தது அன்றுதான் தெரிந்தது.

"அடப்பாவி" என்றார், குமிழியைப் பார்த்து.

வியாழக்கிழமை பார்த்தசாரதி கூப்பிட்டார். மேல்வீட்டு ஏ.சி. தண்ணீர் அவர் பால்கனி பக்கெட்டில் டொக் டொக்கென்று விழுகிறதாம். மதியத் தூக்கம் போச்சாம்.

"ஞாயித்துக்கெழம வந்து பைப்ப திருப்பி உட்டுடுறேன் சார். அதுவரைக்கும் அந்தத் தண்ணில ஒரு ஸ்பூன் சோப்பு ஊத்துங்க."

"அளவைச் சரியாச் சொல்லுப்பா. எத்தனை லிட்டருக்கு ஒரு ஸ்பூன்?"

"பக்கெட்டு பதினஞ்சு லிட்டருதான சார்? அதுக்கு ஒண்ணு."

மறுநாள் அவரிடமிருந்து, தரப் பரிசோதனை முத்திரை மாதிரி ஒரே சொல்லில் செய்தி வந்தது: 'பாஸ்.' கலைவாணி கேசரி கிளறிவிட்டாள்.

ஞாயிறு காலை பூபாலன் பையை மாட்டிக்கொண்டு கிளம்பும் நேரத்தில் கோகுல்நாத் கூப்பிட்டார்.

"அண்ணா, ஷாம்பூ போடாமயே தலையில நொரை வருதுங்ண்ணா! மாடி டேங்க்ல மூடியத் தள்ளிட்டுப் பொங்கி நிக்குது. குடிக்கறதுக்குக் கேன் தண்ணிங்கறதால தப்பிச்சோம்."

"யாரு சார் பண்ணது?"

"செகரட்டரிதாங்ண்ணா. பக்கெட் சத்தம் நின்னதும், ஜன்னலுக்கு வெளிய தரைக்கடியில இருக்கற சம்ப்புத் தொட்டில சொட்டறது அவருக்குக் கேக்க ஆரம்பிச்சிருச்சாம். சம்ப்பு இருபதாயிரம் லிட்டர். பதினஞ்சால வகுத்து, ஆயிரத்து முன்னூத்தி முப்பத்திமூணு ஸ்பூன்னு கணக்குப் போட்டு, கேன் கேனா ஊத்தி, மாடி டேங்குக்கு ஏத்தற மோட்டாரையும் போட்டுட்டாரு. கணக்க நோட்டீஸ் போர்டுல ஒட்டியிருக்காருங்ண்ணா. மேல கொட்டை எழுத்துல 'பூபாலன் முறை'ன்னு தலைப்பு."

பூபாலன் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தபடியே கேட்டார்:

"சம்ப்புல சத்தம் நின்னுச்சா?"

"அது சுத்தமா நின்னுபோச்சுங்ண்ணா."

இவ்வளவு கலவரத்திலும் அவர் முதுகு ஒரு அங்குலம் நிமிர்ந்தது. போனை, தண்ணீர் பக்கெட்டை ஒட்டியிருந்த துணி துவைக்கும் கல்லின் மேல் வைத்தார். வைத்ததுமே அது அதிர்ந்தது. திரையில் 'செகரட்டரி சார்'.

"இன்னாயா முழிச்சிகினு கீற? எடு" என்றாள் கலைவாணி. "வேலை உண்டா இல்லியான்னு தெரிஞ்சிடும்."

"எடுத்தா தெரிஞ்சிடும்ல, அதான்."

ஈரக் கல்லின் மேல், மாட்டிக்கொண்ட குமிழியைப் போலக் கிடுகிடுவென நடுங்கியபடி, போன் கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கெட்டை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது.