அப்பாவின் வயது

அப்பா இறந்தபோது அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் ஃபிட்டராக இருந்தார். காலை ஷிப்ட் முடிந்து வெளியே வந்தவர், கேட்டுக்கு எதிரே இருந்த டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தார். பிறகு எழுந்திருக்கவில்லை. அவருடைய அப்பாவும் ஏறக்குறைய அந்த வயதில் அப்படித்தான் போனார் என்று காரியத்துக்கு வந்தவர்கள் பேசிக்கொண்டார்கள். அந்தப் பேச்சு அண்ணன் காதிலும் தம்பி காதிலும் விழுந்தது. என் காதிலும் விழுந்தது. ஆனால் அது ஆண்களைப் பற்றிய பேச்சு என்றே நினைத்தேன்.

அண்ணன் ஜெர்மனிக்கு வேலைக்குப் போனான். தம்பி அமெரிக்காவில் டெக்ஸாஸுக்குப் போனான். நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் வாழ்க்கைப்பட்டேன். அந்த வயது நெருங்க நெருங்க, அண்ணன் அதை நினைக்காமல் இருக்க சிகரெட் பிடித்தான். தம்பி அதை நினைத்து ஓடினான். இரண்டு பேர் வீட்டிலும் நான் சில மாதங்கள் இருந்திருக்கிறேன்.

அண்ணியின் ஆபரேஷனுக்கு உதவியாக ஜெர்மனி போனபோது முதலில் என் கண்ணில் பட்டது புகைதான். ரயில் நிலையத்து நடைமேடையில் மஞ்சள் கோடு போட்டு ஒரு கட்டம் வரைந்திருந்தார்கள், புகைப்பவர்கள் அதற்குள் நிற்க வேண்டுமாம். பனி விழும்போதும் அதற்குள் ஆட்கள் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். கைக்குழந்தையின் தள்ளுவண்டியை ஒரு கையில் பிடித்தபடி ஒரு பெண் மறு கையில் சிகரெட்டோடு என்னைக் கடந்து போனாள். அந்த ஊரில் குண்டான ஆட்களை நான் அதிகம் பார்க்கவில்லை. ரொட்டி வாங்க நடந்தார்கள், டிராமுக்கு நடந்தார்கள், நரைத்த தலையோடு மேட்டில் சைக்கிள் மிதித்தார்கள். அண்ணனும் ஒல்லியாகத்தான் இருந்தான். காலையில் மட்டும் குளியலறையில் நெடுநேரம் இருமுவான். கேட்டால், "இம்புட்டு நடக்கோம்லா, எல்லாம் கரைஞ்சு போயிரும்" என்பான்.

தம்பி மனைவியின் பிரசவத்துக்கு டெக்ஸாஸ் போனேன். அங்கே தெருவில் புகைப்பவரையே காணவில்லை. ஒருநாள் ஒரு கட்டடத்தின் பின்பக்கம், குப்பைத்தொட்டி ஓரமாக ஒருவர் பதுங்கி நின்று புகைத்ததை, ஏதோ அபூர்வமான பிராணியைக் காட்டுவதுபோலத் தம்பி காரிலிருந்து காட்டினான். சின்னது என்று கேட்டு வாங்கிய கூல்டிரிங்க் எங்கள் வீட்டுச் செம்பு அளவு இருந்தது. பால் வாங்கவும் கார், பக்கத்துத் தெருவுக்கும் கார். ஓடுவதற்குக்கூடக் காரில் ஏறித்தான் பூங்காவுக்குப் போனான். அங்கே ஓடியவர்கள் யாரும் சந்தோஷத்துக்காக ஓடியதாக எனக்குத் தோன்றவில்லை. கையில் கட்டிய வாட்ச்சைப் பார்ப்பதும், கழுத்தில் நாடி பார்ப்பதும், மறுபடி ஓடுவதுமாக இருந்தார்கள். தம்பி ஒரு காலத்தில் சட்டைப் பொத்தான் தெறிக்கும் அளவுக்குப் பருத்திருந்தவன். ஓடி ஓடி இளைத்துவிட்டான். இளைத்த முகத்தில் கண்கள் பெரிதாகி, எப்போதும் எதையோ உற்றுக் கேட்பவன்போல இருந்தான்.

என் மகள் கல்யாணத்துக்கு இரண்டு பேரும் ஒன்றாக வந்தார்கள். ராஜபாளையத்து வீட்டைத் திறந்து தங்கினார்கள். கல்யாணத்துக்கு முந்தின வாரம், வீட்டை ஒதுங்க வைக்க நானும் அங்கே போயிருந்தேன். விடிந்ததும் தம்பி, "அக்கா, அய்யனார் கோவில் ரோட்டுல ஓடப் போறேன், நீயும் நடந்து வா" என்றான். அண்ணனும் கூட வந்தான்.

மழை ஏமாற்றிய வருடம். மலை உச்சியை மேகம் மூடியிருந்தது, ஆனால் கீழே ஒரு சொட்டு இல்லை. ஓடை வெறும் மணலாகக் கிடந்தது. மாந்தோப்புக்குள் எங்கோ மயில் ஒன்று விட்டுவிட்டு அகவியது. தம்பி ஓடி வளைவில் மறைந்தான். அண்ணன் சிகரெட்டைப் பற்ற வைத்தான்.

"பாரு அவனை. பேய் துரத்துன மாதிரி ஓடுதான்."

"நீ மட்டும் என்னண்ணே? வாயில கொள்ளியை வச்சுக்கிட்டு நடக்க."

"ஜெர்மனியில எல்லாரும் பிடிக்காக. தொண்ணூறு வயசு வரை இருக்காக."

"அவிய அப்பாவும் தாத்தாவும் அம்பத்திரண்டுல போயிட்டாகளா?"

அடுத்த மாதம் அண்ணனுக்கு அந்த வயது ஆக இருந்தது. புகையை மலைப்பக்கம் ஊதினான். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"ஏட்டி, நீ ஏன் இப்படி மூச்சு வாங்குத?"

"கல்யாண அலைச்சல்ணே."

அப்படித்தான் நானும் நம்பினேன். சில வாரங்களாகவே மாடிப்படி ஏறினால் மூச்சு முட்டியது. தாடையில் ஒரு வலி வந்து வந்து போனது. பல்லாக இருக்கும், கல்யாணம் முடிந்து பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தேன்.

வளைவைத் தாண்டியபோது தம்பி பாலத்துக் கட்டைச்சுவரில் குனிந்து உட்கார்ந்திருந்தான். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. "நெஞ்சு ஒரு மாதிரியா இருக்குண்ணே" என்றான். அண்ணன் கையிலிருந்த சிகரெட் தானாகக் கீழே விழுந்தது. அந்த வழியாக மாங்காய்க் கூடைகளோடு வந்த லோடு ஆட்டோவை மறித்தோம். தம்பியைத் தூக்கி ஏற்றும்போது என் தாடை வலி கழுத்துக்கும் முதுகுக்கும் இறங்கியது. அதைச் சொல்ல அது நேரமில்லை என்று நினைத்தேன்.

ஊருக்குள் இருந்த ஆஸ்பத்திரியில் தம்பிக்கு இ.சி.ஜி. எடுத்தார்கள். ரத்தம் எடுத்தார்கள். வெளியே பெஞ்சில் அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் உதடு ஏதோ முணுமுணுத்தது. டாக்டரம்மா வந்து, "அவருக்கு இதயத்துல ஒண்ணும் இல்ல. பயணக் களைப்பு, தண்ணி குடிக்காம ஓடியிருக்காரு. சலைன் ஏறட்டும், சரியாயிரும்" என்றார். அண்ணன் சத்தமாக அழுதுவிட்டான். நான் எழுந்திருக்கப் பார்த்தேன். கால் ஒத்துழைக்கவில்லை. சேலை முதுகோடு ஒட்டும் அளவுக்கு வேர்த்திருந்தது.

டாக்டரம்மா என்னையே பார்த்தார். "நீங்க யாரு?"

"அக்கா."

"வலி எதுவும் இருக்கா?"

"தாடைதான். பல்லு வலி."

"உங்க அப்பாவுக்கு ஹார்ட் அட்டாக்னு உங்க தம்பி சொன்னாரே. நீங்களும் அவருக்குப் பிறந்தவங்கதானே? உள்ள வாங்க."

படுக்க வைத்து இ.சி.ஜி. எடுத்தார்கள். காகிதம் வெளியே வர வர, அதைப் பிடித்திருந்த நர்ஸ் பேச்சை நிறுத்திவிட்டாள். ஆம்புலன்ஸில் மதுரைக்குக் கொண்டு போனார்கள். வழியெல்லாம் அண்ணன் என் கால்மாட்டில் உட்கார்ந்து, "கண்ணை மூடாத, ஏட்டி, கண்ணை மூடாத" என்று சொல்லிக்கொண்டே வந்தான். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஏறிக்கொண்ட என் கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். ஜன்னலுக்கு வெளியே கோபுரம் பின்னால் போனது தெரிந்தது. சாவதைப் பற்றி அப்போது நினைக்கவில்லை. மகளின் முகூர்த்தப் புடவைக்குப் பிளவுஸ் வாங்கி வந்தார்களா என்பதுதான் மனதில் ஓடியது.

ரத்தக்குழாய் ஒன்று முழுக்க அடைத்திருந்தது. ஸ்டென்ட் வைத்தார்கள். நான் புகைத்ததில்லை, பெரிய பருமனும் இல்லை. பஸ்ஸைப் பிடிக்க ஓடியதோடு சரி. இத்தனை வருடம் அவர்கள் இருவரையும் நாங்கள் எடை போட்டுக்கொண்டிருந்தோம். என்னை யாரும் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை.

கல்யாணம் குறித்த நாளில் நடந்தது. நான் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். அண்ணனுக்கு ஐம்பத்திரண்டு பிறந்து, முடிந்தும் விட்டது. சிகரெட்டைக் குறைத்துவிட்டதாகச் சொல்கிறான், போனில் இருமல் மட்டும் குறையவில்லை. தம்பி இப்போதும் ஓடுகிறான், கொஞ்சம் மெதுவாக.

எனக்கு இப்போது பயம் வேறு பக்கம் திரும்பியிருக்கிறது. மகள் சென்னையில் இருக்கிறாள். ஒருமுறை எல்லாப் பரிசோதனையும் செய்துகொள்ளச் சொன்னால், "எனக்கு என்னம்மா, இருபத்தஞ்சு வயசு" என்று தள்ளிப்போடுகிறாள். போன வாரம் போனில் பேசும்போது, மாடி ஏறி வந்தாளாம், பேச்சுக்கு நடுவே மூச்சு வாங்கினாள். என்ன என்று கேட்டதற்கு, "லிஃப்ட் வேலை செய்யலம்மா" என்றாள். நான் போனை வைத்துவிட்டு உடனே மருமகனைக் கூப்பிட்டேன். சனிக்கிழமை அவரே கூட்டிப் போவதாகச் சொல்லியிருக்கிறார்.