சோடா காஸ் நிரப்பிய காரில் துறைமுகத்துக்கு

ரப்பர் விலை விழுந்ததிலிருந்து பிரிக்பீல்ட்ஸில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு. போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்துக்குப் போய்க் கப்பலேற்றிவிட ரயில் நல்லதா, கார் நல்லதா? தோட்டங்கள் ஆட்களை வேலையிலிருந்து கழித்துக் கழித்துச் சொந்த ஊருக்கு அனுப்புகின்றன. கூட உழைத்தவர்கள் வழியனுப்பப் போகிறார்கள். ரயில் மலிவு, நேரத்துக்குப் போகும். அதைத் தவறவிட்டவன் என்ன செய்வான் என்று பார்த்து எழுதத்தான் சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை வாடகைக் காரில் கிளம்பினேன்.

ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு எதிரே கார்கள் நிற்கும். ஆளுக்கு ஒன்றரை வெள்ளி, தூரம் இருபத்தைந்து மைலுக்கு மேல். எனக்கு வாய்த்த டிரைவரைக் காதர் பாய் என்று எழுதுகிறேன். அவர் பெயர் அதுவல்ல. நாகூர்ப் பக்கத்துக்காரர், நாற்பது வயதிருக்கும். காரின் பக்கப் படியில் கட்டியிருந்த ஓர் இரும்பு சிலிண்டருக்கு ஈரச் சாக்கு சுற்றிக்கொண்டிருந்தார்.

"இது என்ன பாய்?"

"காஸ், தம்பி. சோடா கம்பெனி காஸ். டயருக்கு அடிக்கிறது." அவர் சக்கரத்தைக் காலால் தட்டினார். "ராத்திரி கல்லு மாதிரி வச்சுட்டுப் போவேன். காலையில வந்து பாத்தா தோசை மாதிரி சப்பையா கெடக்கும் லா."

விஷயம் இதுதான். கார்களின் முதலாளிக்கு மைத்துனர் ஒரு சோடா கம்பெனி வைத்திருக்கிறார். கையால் பம்பு அடித்தால் ஒரு டயருக்குக் கால் மணி. சோடாவில் ஏற்றும் காஸைத் திறந்துவிட்டால் ஒரு நிமிடம். காஸ் வந்ததும் முதலாளி எல்லாக் கார்களிலிருந்தும் கைப் பம்புகளை எடுத்து விற்றுவிட்டார். ஆனால் அந்தக் காஸ் ரப்பருக்குள் நிற்பதில்லை. சாதாரணக் காற்றைவிட வேகமாக ரப்பர் வழியே கசிந்து போய்விடும் என்று ரயில்வே பட்டறை பிட்டர்கள் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். முதலாளியின் கணக்கு வேறு: காஸை டிரைவர்கள் திருடுகிறார்கள்.

"காத்தத் திருடி நான் என்ன பண்ணப் போறேன்? சோடா போட்டு விக்கப் போறேனா?" என்றார் காதர் பாய்.

ஒன்பது மணிக்குக் கிளம்பும்போது ஒரு பெண் ஓடிவந்து கதவைப் பிடித்தாள். பாக்கியம் என்று பெயர். காய்ச்சலில் மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்து அன்று காலைதான் வெளியே வந்தவள். டிஸ்சார்ஜ் சீட்டில் கையெழுத்துப் போட வேண்டியவர் டீ குடிக்கப் போய்விட்டதால் ரயில் போய்விட்டது. அவளையும் அவள் புருஷனையும் ஆறு வயது மகளையும் தோட்டம் கழித்துவிட்டது. மூன்று பேருக்கும் அன்று மதியம் இரண்டு மணிக்குக் கப்பல். புருஷனும் மகளும் தோட்டத்து ஆட்களோடு முன்பே துறைமுகம் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

"நான் போகலன்னா அவரு புள்ளயக் கூட்டிக்கிட்டு ஏறிடுவாருங்க. லயத்து வீட்டுக் கதவப் பூட்டிட்டாங்க. எனக்கு இந்தச் சீமையில நிக்க எடம் இல்ல."

"ஏறு தங்கச்சி. பன்னண்டு மணிக்குள்ள விட்டுர்றேன்" என்றார் காதர் பாய்.

பழைய கிள்ளான் சாலை செம்மண் தூசியும் வளைவும் நிறைந்தது. வெற்றிலை போடுகிறவர்கள் முன்சீட்டில் உட்காருங்கள். பெட்டாலிங் தாண்டியதும் இருபுறமும் ரப்பர்தான். பால் மரங்கள் வரிசை குலையாமல் நின்றன. அவற்றில் பால் வெட்டியவர்களின் லயங்களில் பாதிக் கதவுகள் பூட்டியிருந்தன. மரத்தை வைத்துக்கொண்டு மனிதனை அனுப்புகிற கணக்கைப் போட்டவன் லண்டனில் இருக்கிறான். அவனுக்கு இந்தச் சாலை தெரியாது.

பத்து தீகா என்ற ஊரைத் தாண்டிச் சிறிது தூரத்தில் இடது பின் டயர் பஞ்சர். ஸ்டெப்னி முந்தின நாளே கிழிந்துபோயிருந்தது. காதர் பாய் டியூபைக் கழற்றி ஒட்டுப் போட்டு, மாட்டி, சிலிண்டரைத் திறந்தார். சீறல் கேட்டது. குழாயின் வாயில் வெள்ளையாக உறைபனி படர்ந்தது. பாக்கியம் விரலால் தொட்டுக் கையை இழுத்துக்கொண்டாள்.

"ஆத்தாடி, இந்த வெயில்ல ஐஸ் பிடிக்குது!"

பிறகு சீறல் முனகலாகி நின்றது. சிலிண்டர் காலி. டயர் பாதிகூட நிறையவில்லை. பம்பு இல்லை.

ரப்பர் பேல்கள் ஏற்றிய லோரி ஒன்று துறைமுகத்தை நோக்கி வந்தது. கை காட்டினோம். டிரைவர் தலையை ஆட்டிவிட்டு நிற்காமல் போனார். ஆள் ஏற்றினால் அவருக்கு வேலை போய்விடும்.

பக்கத்துத் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியின் வீட்டு முன்னால் ஒரு கார் நின்றது. கார் இருந்தால் பம்பும் இருக்கும். அவருடைய வீட்டுக்குப் பின்னால் ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைக்கொட்டகை. காதர் பாய் வேலிக்கு வெளியே நின்று, "சார், காஸ் தீந்து போச்சு. பம்பு குடுங்க சார்" என்றார். அந்த ஒரு சொல்தான் கெடுத்தது. இந்த ஊரில் காஸ் என்றால் விளக்கில் எரிவது.

"காஸா? டயர்ல காஸா?" கிராணி வராந்தாவை விட்டே எழுந்துவிட்டார். "உள்ளே நெருப்புப் போட்டிருக்கு. ஒரு பொறி பறந்தா கொட்டகையே போயிரும். வண்டியத் தள்ளிட்டுப் போ!"

"இது எரியாது. சோடாவில் இருக்கிற காஸ். நெருப்பை அணைக்கும்" என்றேன்.

"யார்ரா நீ? நெருப்ப அணைக்கிற காஸாம்! கொட்டகை எரிஞ்சா தொரைகிட்ட நீ வந்து பதில் சொல்லுவியா?"

துரைக்கு நடுங்குகிறவன் என்று நான் பதிலுக்குச் சொன்னேன். கேட் மூடியது. அவர் நடுங்கியது உண்மை. கழிக்கப்படும் பட்டியலில் கிராணிகளும் இருக்கிறார்கள். ஆனால் அதை நினைத்துப் பார்க்கிற பொறுமை அப்போது எனக்கு இல்லை. மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது.

நான் திரும்பி வந்தபோது, முன்னதாகவே வந்துவிட்ட காதர் பாய் டயரைத் திறந்து டியூபை வெளியே எடுத்திருந்தார். "லாலாங் புல்லு அடைச்சு ஓட்டினதாக் கேள்விப்பட்டிருக்கேன், தம்பி. ஆனா டயர் உள்பக்கம் வெந்து போயிரும். கேட்டா மொதலாளி சீட்டக் கிழிச்சிருவான்."

பாக்கியம் சாலையோரம் இறங்கி, இடுப்புயர லாலாங்கை இரு கையாலும் பிடுங்கத் தொடங்கினாள். அந்தப் புல்லின் விளிம்பு பிளேடு மாதிரி. மூன்றாவது பிடியிலேயே அவள் உள்ளங்கையில் சிவப்புக் கோடுகள் விழுந்தன. காதர் பாய் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு,

"பச்சைய விடு தங்கச்சி. காஞ்சதாப் பாத்துப் புடுங்கு. பச்சை நசுங்கிப் போயிரும்" என்று கத்தினார்.

மூவரும் பிடுங்கினோம். அவர் புல்லைக் கயிறாக முறுக்கி, டயருக்குள் வைத்து, கம்பியால் இடித்து இடித்து அடைத்தார். பன்னிரண்டுக்குக் கார் நகர்ந்தது. மணிக்குப் பத்து மைலுக்கு மேல் போகவில்லை. பின்பக்கம் குதித்துக்கொண்டே வந்தது. சூட்டில் புல் கருகும் வாசனை அடித்தது. கிள்ளான் கடைத்தெருவில் ஒரு பையன் எங்களோடு ஓடிவந்து, "மாட்டு வண்டியா லா, காரா?" என்று கேட்டான். பாக்கியம் மட்டும் சிரிக்கவில்லை. அவள் கடைகளின் கடிகாரங்களைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

துறைமுகம் சேர்ந்தபோது இரண்டு மணி தாண்டிவிட்டது. கப்பல் இருந்தது.

காரணம் நேராகவே தெரிந்தது. கிரேன் ரப்பர் பேல்களைத் தூக்கிக்கொண்டிருந்தது. எங்களை ஏற்றாமல் போன அந்த லோரியும் அங்கே நின்று சரக்கு இறக்கிக்கொண்டிருந்தது. சரக்கு ஏறி முடியும்வரை ஜனங்கள் தகரப் பெட்டிகளோடு தரையில் உட்கார்ந்திருக்க வேண்டும். விலைபோகாத சரக்கு என்று சொல்லித்தான் இவர்களைக் கழித்தார்கள். அந்தச் சரக்குக்குத்தான் முதலிடம். அந்த அநியாயத்தால்தான் பாக்கியத்துக்கு அன்று கப்பல் கிடைத்தது. இதற்கு யாருக்கு நன்றி சொல்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

அவள் புருஷன் வரிசையின் கடைசியில், பின்னால் வருகிறவர்களையெல்லாம் முன்னே விட்டுக்கொண்டு நின்றான். மகள்தான் முதலில் பார்த்தாள்.

"எங்கடி போயிருந்த இவ்வளவு நேரம்?" என்றான் அவன்.

"புல்லுப் புடுங்கிட்டு வரேன்" என்றாள்.

அவனுக்குப் புரியவில்லை. அவள் மகளின் தலையைத் தடவும்போது உள்ளங்கை படாமல் புறங்கையால் தடவினாள்.

போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். முடிந்தால் ரயிலில் போங்கள். ஆஸ்பத்திரிச் சீட்டை முந்தின நாளே வாங்கிவிடுங்கள். காரில்தான் போக வேண்டுமென்றால், ஏறுமுன் டயரில் என்ன இருக்கிறது, பம்பு இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்டால் டிரைவர் கோபிக்க மாட்டார்; கேட்க ஆள் கிடைத்ததே என்று நினைப்பார். குடிதண்ணீர் எடுத்துப் போங்கள். வழியில் எந்தத் தோட்டத்து வாசலிலும் காஸ் என்ற சொல்லைச் சொல்லாதீர்கள்.

துறைமுகத்து ஒர்க்‌ஷாப் ஒன்றில் காதர் பாய் கருகிய புல்லை வாரி எறிந்துவிட்டு, அந்தப் பழைய டியூபையே மாட்டி, இரவல் பம்பில் சாதாரணக் காற்றை அடித்தார். நானும் அடித்தேன். தோள் இரண்டு நாள் வலித்தது. மறுநாள் காலை மற்ற மூன்று டயரும் சப்பையாகக் கிடக்க, அந்த ஒன்று மட்டும் கல் மாதிரி நின்றதாம். முதலாளி வந்து அதைக் காலால் தட்டிப் பார்த்துவிட்டு, எல்லா டிரைவர்களுக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாராம்:

"பாத்தியா? இதுல காஸ் அப்படியே நிக்குது. மத்த மூணுலயும்தான் திருடியிருக்க."